வெயில் விழாத ஊரில் தலைப்பொங்கல்

திண்டிவனத்திலிருந்து யாராவது சுவிட்சர்லாந்துக்குப் பனிச்சறுக்கப் போயிருக்கிறார்களா என்று கிளம்புவதற்கு முன் விசாரித்தேன். ஒருவரும் அகப்படவில்லை. நானும் சறுக்கப் போகவில்லை. என் மகள் கயல்விழிக்குத் தலைப்பொங்கல் சீர் கொடுக்கப் போனேன். சறுக்கியது தற்செயல்.

கயலுக்குக் கல்யாணம் ஆனது போன ஆவணியில். மாப்பிள்ளை பிரபு கண்டாச்சிபுரத்துப் பையன். ஆல்ப்ஸ் மலையில் பெரிய பனிச்சறுக்கு ஊர் ஒன்றில், ஆட்களை மலைமேல் ஏற்றும் கம்பிவட வண்டிகளை ஓட்டுகிற பிரிவில் மின்பொறியாளர். தை மாதம் அங்கே கூட்டம் நெரிகிற காலம். லீவு கேட்டால் சிரிப்பார்களாம். புதுத் தம்பதி வர முடியாவிட்டால் சீர் அவர்களைத் தேடிப் போகட்டும் என்று இரண்டு வீட்டிலும் முடிவாயிற்று. என் மனைவி சாந்திக்கு மூட்டு வலி. சம்பந்தியம்மாள் அஞ்சலைக்குக் கறவை மாடுகளை விட்டு வர மனமில்லை. ஆகவே பெண்ணின் அப்பாவும் பையனின் அப்பாவும் கிளம்பினோம்.

சம்பந்தி ஏழுமலை மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிறவர். நான் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஏரி எந்த வருஷம் நிரம்பிக் கோடி போனது, எந்தப் புயல் எந்தக் கிழமையில் கரை கடந்தது என்று குறித்து வைப்பதிலும், கிடைத்ததையெல்லாம் படிப்பதிலும் பொழுது போகிறது. கயலின் முகூர்த்தத்தையும் பல பஞ்சாங்கங்களைப் புரட்டி நான்தான் குறித்தேன். அன்றைக்கு விழுப்புரம் மண்டபத்துக்குப் போன எங்கள் வேன், முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகளின் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. முகூர்த்தம் முடிகிற தறுவாயில் மணப்பெண் ஓடிவந்து மணையில் உட்கார்ந்தாள். அன்று முதல் கண்டாச்சிபுரத்தில் எனக்கு ‘லேட்டு சம்பந்தி’ என்று பெயர். அஞ்சலையம்மாள் போனில் சாதாரணமாக மணி என்ன என்று கேட்டாலும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். தலைப்பொங்கலாவது நல்ல நேரத்தில் பொங்க வேண்டும். மொத்தப் பயணத்திலும் எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

மார்கழிக் கடைசி வாரம், புதன்கிழமை போய் இறங்கினோம். பெட்டியில் வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், வேட்டி, புடவை எல்லாம் இருந்தன. கரும்பு மட்டும் இல்லை. கயல் எங்களை நகரத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் கடைக்கு அழைத்துப் போனாள். நுனியில் கொஞ்சம் தோகையோடு, நல்ல கறுப்புக் கரும்பு சுவரில் சாய்த்து வைத்திருந்தது. இரண்டு எடுத்தோம்.

“ரயில்ல தூக்கிட்டுப் போகணும். பாதியா வெட்டித் தரச் சொல்லவா?” என்றாள் கயல்.

“பொங்கலுக்கு முன்னாடி கரும்புல கத்தி வைக்கிறதாம்மா? முழுசா இருந்தாத்தான் சீரு. துண்டு போட்டா அது ஜூஸ் கடை,” என்றார் சம்பந்தி.

ஊர் பார்த்துச் சிரிக்கும் என்று நான் பயந்தேன். ரயிலில் ஏறிப் பார்த்தால், பெட்டியிலிருந்த எல்லாரிடமும் ஆளுயரத்துக்கு ஏதோ ஒன்று இருந்தது. சறுக்குப் பலகைகள், ஊன்றுகோல்கள், அவற்றை உறையில் போட்டுக் கட்டிய மூட்டைகள். ஒரு பெரியவர் எழுந்து எங்கள் கரும்பை வாங்கி, பலகைகள் நிறுத்தும் சட்டத்தில் பதமாகச் செருகி வைத்தார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. கயலிடம் என்னவோ கேட்டார். “இது புது மாதிரி ஊன்றுகோலா, எடை எவ்வளவு இருக்கும்” என்று கேட்டாராம்.

மலையூரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பின்னால் வரப்போகும் ஒரு சமையல்காரரின் வேலைக்கு என்னால் ஆபத்து வரக் கூடாது. ரயிலடியை விட்டு வெளியே வந்தால் தெரு முழுக்கக் கனத்த பூட்ஸ் போட்டவர்கள், முழங்கால் மடங்காமல், குதிகாலை முதலில் வைத்து டக் டக்கென்று நடந்துகொண்டிருந்தார்கள்.

“இன்னாங்க இது, ஊர்ல எல்லாருக்கும் ரெண்டு காலும் ஒடிஞ்சி மாவுக்கட்டு போட்டிருக்குது?” என்றார் சம்பந்தி.

“அது சறுக்குறதுக்கான பூட்ஸ், மாமா,” என்றாள் கயல்.

“சறுக்கறதுக்கு முன்னாடியே கட்டு போட்டுக்குறாங்களா. விவரமானவங்கதான்.”

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை எங்களை வெளியே சாப்பிட அழைத்துப் போனார். மேசை நடுவில் ஒரு சட்டி, அதில் உருகிக் கொதிக்கும் பாலாடைக்கட்டி, அடியில் குட்டி அடுப்பு. நீண்ட கம்பியில் ரொட்டித் துண்டைக் குத்தி, முக்கி எடுத்துத் தின்ன வேண்டும். ரொட்டியைச் சட்டிக்குள் தவற விட்டவர் மற்றவர்களுக்கு வாங்கித் தர வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டாம். நான் படித்துவிட்டுப் போயிருந்ததால் அதை விளக்கிக்கொண்டே என் ரொட்டியைத் தவற விட்டேன். சம்பந்தி கடைசி வரை ஒன்றையும் விடவில்லை. “வாசனதான் ஒரு மாதிரி. வாய்க்கு நல்லாத்தான் இருக்குது. எலுமிச்ச ஊறுகா இருக்குதான்னு கேளுடா,” என்றார் மகனிடம். பிரபு கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் சம்பந்தி வீட்டு வாசலில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நாலா பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சம்பந்தி, விடிஞ்சி எந்நேரம் ஆவுது. வெளிச்சம் இருக்குது, சூரியனக் காணோமே. நேத்தும் பார்க்கல.”

“மூடாப்பா இருக்கும்,” என்றேன். அண்ணாந்து பார்த்தேன். வானம் துடைத்த மாதிரி நீலமாக இருந்தது.

கயல் காபியோடு வெளியே வந்தாள். “தெக்கால நிக்குதே அந்த மலை, சூரியன் அதுக்குப் பின்னாடியே வந்து பின்னாடியே போயிடும்பா. கார்த்திகையில மறைஞ்சா, தை கடைசியிலதான் நம்ம ஊர்ல வெயில் விழும். அன்னிக்கு இங்க எல்லாரும் தெருவுக்கு வந்து நின்னு பார்ப்பாங்க.” மின்தடை அறிவிப்பைச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

ராகு காலம், எமகண்டம், இந்த ஊரின் சூரிய உதயம் எல்லாம் பார்த்துக் கணக்குப் போட்டு வந்திருந்தேன். உதயமான சூரியன் கண்ணுக்குத் தெரியுமா என்று பார்க்க வேண்டும் என எனக்குத் தோன்றவே இல்லை. திண்டிவனத்துக்காரனுக்கு அது எப்படித் தோன்றும்? எங்கள் ஊரில் வெயிலிலிருந்து தப்புவதற்குத்தான் யோசனை தேவைப்படும்.

“வீட்டுக்குள்ளேயே வச்சிக்கலாம் மாமா. ஜன்னல் ஓரமா,” என்றாள் கயல்.

“பொங்கல் யாருக்கும்மா? அவருக்குத்தான். அவரே வராத ஊர்ல பொங்க வச்சி யாருக்குக் காட்றது? மலைக்கா?” சம்பந்தி கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். “எம்புள்ள கட்டிக்கினு வச்சிக்கிற மொதப் பொங்கலு. அவரு கண்ணுல பட வாணாமா?”

போதாக்குறைக்கு, வீட்டிலிருந்த ‘இண்டக்‌ஷன்’ என்கிற மின்காந்த அடுப்பு வெண்கலப் பானையை ஏற்றுக்கொள்ளவில்லை. வைத்ததும் சிவப்பு விளக்கைச் சிமிட்டி, கீச்கீச்சென்று கத்தியது. எடுத்ததும் அமைதியாயிற்று. சம்பந்தி மூன்று தடவை வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு, “இதுக்கும் நம்ம பான புடிக்கல,” என்றார்.

வழி சொன்னது பிரபுதான். சனிக்கிழமை பொங்கலன்று அவருக்குக் கம்பிவட வண்டியின் மலைமேல் ஸ்டேஷனில் வேலை. கீழே இறங்கி வர முடியாது. ஆனால் அங்கே காலையிலிருந்தே வெயில். “நீங்க பானையோட மேல வந்துடுங்க மாமா. நல்ல நேரம் ஆரம்பிக்கிறப்ப எனக்கு அரை மணி பிரேக் கேட்டு வாங்கிடுறேன்.” ஸ்டேஷனுக்குச் சற்றுக் கீழே, சரிவோரமாக இருந்த உணவு விடுதியில் தயா என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் சமையல் வேலையில் இருந்தார். வெளித் தளத்தில் இறைச்சி சுடுவதற்கு அவரிடம் ஒரு கேஸ் அடுப்பு உண்டு. பிரபு போன் போட்டுக் கேட்டதும், “பொங்கிறதெண்டா சனம் வரமுன்னம் பொங்கிப்போடுங்கோ. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்ளுறன்,” என்றாராம்.

வெள்ளிக்கிழமை போகி. எரிப்பதற்கு அந்த வீட்டில் பழையது என்று எங்களைத் தவிர எதுவும் இல்லை. மேலே போகிறவர்களுக்குப் பனியில் நிற்கவாவது தெரிய வேண்டும் என்று கயல் எங்களை ஆரம்ப வகுப்பில் சேர்த்துவிட்டு, கம்ப்யூட்டர் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். சிவப்புச் சட்டை போட்ட இளம்பெண் ஒருத்தி டீச்சர். எங்களைத் தவிர மற்ற மாணவர்கள் எல்லாம் என் இடுப்பு உயரம். பூட்ஸை மாட்டியபோது லாடம் அடிக்கப்படும் மாட்டின் மனநிலை எனக்குப் புரிந்தது.

பலகைகளின் முன்னுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். இதை நான் ஏற்கெனவே புத்தகத்தில் படித்திருந்தேன். என் கால்கள் படித்திருக்கவில்லை. முதலில் பின்னோக்கிப் போனேன். பிறகு உட்கார்ந்துகொண்டு போனேன். கரடிக் காது வைத்த தொப்பி போட்ட ஒரு சிறுமி என்னை வெகு நேரம் கவனித்துவிட்டு டீச்சரிடம் ஏதோ சொன்னாள். டீச்சர் எனக்கு ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னார்: “தாத்தா கண்ணை மூடிக்கொள்கிறார். அதனால்தான் விழுகிறார் என்கிறாள்.”

சம்பந்தி ஒரு முறைகூட விழவில்லை. “ஏர் ஓட்னவனுக்குக் கால அகட்டி நிக்கத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர் நேராக, கம்பீரமாக, வேகம் கூடிக்கொண்டே போய், சரிவின் அடியில் கட்டியிருந்த வலையில் புகுந்தார். நான் பலகைகளைக் கழற்றிவிட்டு ஓடினேன். வலைக்குள் படுத்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சம்பந்தி, நிக்க வைக்கிறது எப்பிடின்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சா?”

“சொன்னாங்க.”

“எனக்குச் சொல்லவே இல்லியே நீங்க.”

அவருக்கு மிகவும் பிடித்தது, ஆட்களைச் சரிவின் மேலே கொண்டுபோய் விடும் நகரும் பாய். பெல்ட்டில் ஏறி நின்றால் போதும், தானாக இழுத்துப் போகும். “இத மாதிரி ஒண்ணு மட்டும் நம்ம களத்துலேருந்து வூடு வரிக்கும் இருந்தா, மல்லாட்ட மூட்டைய வச்சிட்டு டீ குடிச்சிக்கினு வரலாம்,” என்று சொல்லிச் சொல்லி அதில் ஏறினார். சறுக்குவதையே விட்டுவிட்டார். மேலே போவதும், பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து இறங்குவதுமாக வகுப்பு முடிந்தது.

அன்று சாயங்காலம் ஒரு முக்கியமான யோசனை சொன்னேன். உயரமான மலைகளில் அரிசி வேக நேரம் பிடிக்கும் என்று படித்திருக்கிறேன். ஆகவே நல்ல நேரத்துக்கு வெகு முன்னதாகவே அடுப்பைப் பற்ற வைத்துவிட வேண்டும். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். படித்தவன் சொன்னால் ஒப்புக்கொள்கிற பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது.

தை முதல் நாள், சனிக்கிழமை. கயலும் பிரபுவும் விடியும்போதே மேலே போய்விட்டார்கள். நாங்கள் வேட்டிக்குள் கம்பளிக் கால்சட்டை போட்டுக்கொண்டு, பானையும் கரும்புமாகக் கீழ் ஸ்டேஷனுக்குப் போனோம். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலில் பார்க்கிற கூட்டம். அங்கே காலை மிதிப்பார்கள். இங்கே பலகையை மிதித்தார்கள். பேஜாரில் பெரிய வித்தியாசம் இல்லை.

வண்டி என்பது கம்பியில் தொங்கும் கண்ணாடிக் கூண்டு. ஸ்டேஷனுக்குள் வந்தால் மெதுவாகுமே தவிர நிற்காது. நகரும்போதே ஏறிக்கொள்ள வேண்டும். சறுக்குப் பலகைகளைக் கூண்டின் வெளிப்பக்கம் இருக்கும் குழல்களில் செருகிவிட வேண்டும். அங்கே நின்றிருந்த ஊழியர் கரும்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி கரும்பைப் பார்த்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவராக இரண்டையும் வாங்கிக் குழலில் செருகினார். சம்பந்தி லாகவமாக உள்ளே ஏறினார். நான் பானையை இடுப்பில் அணைத்துக்கொண்டு காலைத் தூக்கிய நேரத்தில், பலகைகளோடு ஒரு குடும்பம் நடுவே வந்துவிட்டது. கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் சம்பந்தி கை நீட்டி என்னவோ சொன்னபடியே மேலே போனார்.

அடுத்த கூண்டில் ஏறினேன். எதிரே ஒரு வயதான தம்பதி. பக்கத்தில் வண்ணக் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன். பாதி தூரம் போனதும் காற்று பிடித்தது. கூண்டு ஓர் உலுக்கு உலுக்கி நின்றது. கீழே பனி, வெகு ஆழத்தில். முன்னால் தொங்கிய கூண்டின் பக்கவாட்டில் கரும்புத் தோகை படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது.

“சம்பந்தி, எங்க இருக்கீங்க?”

“உங்களுக்குப் பின்னாடிதான். கரும்பு தெரியுது.”

“அன்னிக்கும் கரும்புக்குப் பின்னாடி நின்னுட்டீங்க. இன்னிக்குமா?”

முண்டியம்பாக்கத்திலாவது இறங்கி நடக்கத் தரை இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நல்ல நேரத்துக்கு இன்னும் அவகாசம் இருந்தது. ஆனால் என் கணக்குப்படி அடுப்பு பற்ற வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது.

கூண்டுக்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. ஜெர்மனில் ஓர் அறிவிப்பு, பிறகு பிரெஞ்சில், பிறகு ஆங்கிலத்தில்: காற்று அதிகம், சற்றுப் பொறுக்கவும். அதன் பிறகு அதே குரல்: “அப்பா, மாமா, பயப்படாதீங்க. நான்தான் பிரபு. காத்து அடங்குனதும் ஓட்டிடுவேன். பானையக் கெட்டியாப் புடிச்சிக்கோங்க.”

எதிரே இருந்த அம்மாள் நிமிர்ந்தார். நான்காவதாகப் பேசியது என்ன மொழி என்று ஆங்கிலத்தில் கேட்டார். தமிழ் என்றேன். அது பழைய மொழியா என்றார். அப்படிப்பட்ட கேள்வியை என்னிடம் கேட்கக் கூடாது. நான் கல்வெட்டுகள் வரை வந்திருந்தபோது கூண்டு நகர்ந்தது. அவர்கள் முகத்தில் தெரிந்த நிம்மதி காற்று அடங்கியதற்காகத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

மேலே கதவு திறந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. சித்திரை வெயிலில்கூடக் கண் இப்படிக் கூசாது. மேலிருந்தும் அடித்தது, பனியிலிருந்து கீழிருந்தும் அடித்தது. சம்பந்தி இரண்டு கரும்பையும் இரு கையில் ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். சறுக்கப் போகிறவர்கள் அவருக்கு வழி விட்டுப் போனார்கள்.

விடுதியின் வெளித் தளத்தில் கயல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பச்சரிசி மாவில் அழகாகக் கோலம் போட்டிருக்கிறாள். வெள்ளைப் பனிமேல் வெள்ளைக் கோலம், ஒன்றுமே தெரியவில்லை. அவள் சொன்ன பிறகும் தெரியவில்லை.

சம்பந்தி தன் பையைத் திறந்தார். மகன் வேலை செய்கிற இடத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று, அஞ்சலையம்மாள் கொடுத்தனுப்பிய கேப்பை மாவைக் கொண்டு வந்திருந்தார். “இதுல போடும்மா.” கேப்பை மாவுக் கோலம் பனியில் பளிச்சென்று எழுந்தது. பிறகு அவர் செருப்பைக் கழற்றுவது போல இயல்பாகப் பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு பனியில் நின்று சூரியனைக் கும்பிட்டார். பெண் வீட்டுக்காரன் பூட்ஸோடு நிற்க முடியுமா? நானும் கழற்றினேன். எவ்வளவு நேரம் நின்றோம் என்று இந்த ஒரு விஷயத்தில் நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. தயா ஓடிவந்து எங்கள் காலடியில் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டார்.

“ஐயாமார், கால் விறைச்சுப்போகும். சாமி கோவிக்காது, அட்டையில நில்லுங்கோ.”

கரும்பை இரண்டு பக்கமும் பனியில் நட்டோம். அஞ்சலையம்மாள் வீடியோவில் வந்தார். பானையில் பால் ஊற்றி, நான் சொன்ன நேரத்தில், அதாவது வெகு முன்னதாக, அடுப்பு பற்றியது. பிரபு வர இன்னும் நிறைய நேரம் இருந்தது. எல்லாரும் ஆற அமரக் காத்திருக்கலாம் என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, பாலில் நுரை கட்டியது.

“அப்பா, ஏறுதுப்பா.”

“இருக்காது.”

“ஏறுது.”

மலைமேல் அரிசி வேகத்தான் நேரமாகும். பால் சீக்கிரமே கொதித்துவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று அந்தப் புத்தகத்திலேயே அடுத்த பக்கத்தில் போட்டிருந்தது இப்போது நினைவுக்கு வந்தது. நான் அடுப்பைக் குறைக்கக் கை நீட்டினேன். சம்பந்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“பொங்கி வர்ற பால அமுக்கக் கூடாதுங்க. வர்றது வரட்டும்.”

“மாப்பிள்ளை இல்லையே, சம்பந்தி.”

கயல் போனில் கத்தினாள்: “பிரபு, பால் வந்திருச்சு. ஜல்தி வா.”

ஸ்டேஷன் பக்கம் பார்த்தோம். நீலச் சீருடையில் ஓர் உருவம் பலகைகளை மாட்டிக்கொண்டு சரிவில் பாய்ந்தது. இடம் வலமாக வளைந்து, நின்றிருந்த கூட்டத்தின் நடுவே நூல் பிடித்த மாதிரி வந்தது.

“அது யாருங்க, எம்புள்ளையா?” என்றார் சம்பந்தி மெதுவாக. என் மணிக்கட்டை விட்டுவிட்டார்.

பனியைச் சீவியடித்துப் பிரபு தளத்தின் ஓரத்தில் நிற்கவும் பால் பானை விளிம்பைத் தாண்டவும் சரியாக இருந்தது. “பொங்கலோ பொங்கல்” என்று அவர்தான் முதலில் குரல் கொடுத்தார். அடுத்த குரலுக்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்தோம். மூன்றாவதற்கு, எதற்கென்று தெரியாமல், சுற்றி நின்ற சறுக்குக்காரர்களும் கோலைத் தூக்கிச் சேர்ந்துகொண்டார்கள். வழிந்த பால் பனியில் சின்னச் சின்னக் குழிகள் போட்டது.

போனில் அஞ்சலையம்மாளின் குரல்: “ஒண்ணுமே தெரியலியே, எல்லாம் வெள்ளையா இருக்குது. அது பாலா, செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்குதா? ஏங்க, நல்ல நேரத்துலதான பொங்குச்சு?”

நல்ல நேரம் இன்னும் தொடங்கவே இல்லை. இது எனக்கும் என் கடிகாரத்துக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்த சம்பந்திக்கும் தெரிந்துவிட்டது.

“எல்லாம் டைமுக்குத்தான்மே பொங்குச்சு,” என்றார் அவர் போனைப் பார்த்து. “சம்பந்தி வாட்ச்ச கையில புடிச்சிக்கினுதான் நிக்கிறாரு.” பிறகு போனைக் கயலிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார். “கல்யாணத்துல லேட்டு. இன்னிக்கி முந்திக்கினீங்க. ரெண்டையும் கூட்டிக் கழிச்சா நேராயிடுது, வுடுங்க.”

கயலும் பிரபுவும் சேர்ந்து அரிசியைக் களைந்து போட்டார்கள். சீரை இருவர் கையிலும் கொடுத்தேன். புது வேட்டியைச் சீருடைக்கு மேல் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளை விழுந்து கும்பிட்டார். பலகையைக் கழற்ற மறந்திருந்ததால் எழுப்பிவிடத் தயாவும் நானும் தேவைப்பட்டோம். பிரேக் முடிந்து அவர் ஸ்டேஷனுக்குத் திரும்பினார்.

அரிசி மட்டும் நான் படித்தபடியே நடந்துகொண்டது. கிளறினோம், காத்திருந்தோம், மறுபடி கிளறினோம். தயா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, “இண்டைக்கு வேகுமோ?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஒருவழியாகக் குழைந்து, வெல்லம் கரைந்து, பானையை இறக்கினோம். சம்பந்தி அதைச் சூரியனுக்குக் காட்டிவிட்டுக் கயலிடமிருந்து போனை வாங்கினார். அஞ்சலையம்மாளுக்குத் தெரியும்படி பானைக்கு நேரே பிடித்தார்.

“பொங்கல் ரெடி. பாத்துக்க,” என்றவர், குரலைக் கொஞ்சம் உயர்த்தி என்னைக் கேட்டார்: “சம்பந்தி, இப்ப மணி இன்னாங்க?”

பார்த்தேன். நல்ல நேரம் நடந்துகொண்டிருந்தது. போன் பக்கம் குனிந்து, கண்டாச்சிபுரம் வரை கேட்கும்படி மணியைச் சொன்னேன்.